சொகுசு காரின் உட்புறம்: ரசிகர்கள் எதிர்பார்ப்பது எதை?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2011ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் நடந்த கார் கண்காட்சியில் ஒரு காட்சியை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் அன்றைய தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன், போட்டி நிறுவனமான ஹியூண்டாயின் அரங்குக்குப் போகிறார். அங்கு நின்ற ஐ30 என்ற சாதாரணக் குடும்பக் காரில் ஏறி உட்காருகிறார். ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கும் பிடியை இழுத்துப் பார்க்கிறார். சத்தமே இல்லை. உடனே தம் வடிவமைப்புத் தலைவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இதில் எதுவும் கடகடக்கவில்லையே, பிஎம்டபிள்யூவால் முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை, இவர்களால் மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்கிறார்.

உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றின் தலைவரை அன்று கலங்க வைத்தது எதிராளியின் எஞ்சினோ விலையோ அல்ல. ஒரு சிறு பிடி எழுப்பாத சத்தம்தான்.

கார் ரசிகர்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். புதிய சொகுசு கார் ஒன்று வரப்போகிறது என்றால், மூடு துணியோடு ஓட்டிச் சோதிக்கும்போது எடுத்த மங்கலான படத்தைப் பார்த்தே பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். டேஷ்போர்டு மெத்தென்று இருக்குமா, மரப்பட்டை உண்மை மரமா, பொத்தானை அழுத்தினால் "டிக்" என்று கேட்குமா என்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்ப்பதில் இவ்வளவு அக்கறையா என்று கேட்பார்கள்.

அந்த அக்கறை நியாயமானதே. எஞ்சினுக்குள் என்ன உலோகம் இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. வெல்டிங் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க முடியாது. அவர் கைக்கு எட்டுவது உட்புறம் மட்டும்தான். அங்கேயே சிக்கனம் பிடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் ரசிகர்கள் நடத்தும் இந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு. அது முதல் நாள் சோதனை. எந்தப் பழைய காரின் தரத்தை அளவுகோலாக வைத்து அவர்கள் பேசுகிறார்களோ, அந்தக் கார் அந்தப் பெயரை எடுத்தது முதல் நாளில் அல்ல, பத்தாவது ஆண்டில்.

இதற்கு மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ரசிகர்கள் அதன் ஒவ்வொரு தலைமுறையையும் தொழிற்சாலைக் குறியீட்டால் அழைப்பார்கள். 1979இல் வந்தது டபிள்யூ 126. 1991 வரை தயாரிக்கப்பட்ட அந்த செடான் 8 லட்சத்துக்கும் மேல் விற்பனையானது. அதன் கதவில் இருக்கையைச் சரிசெய்ய ஒரு சிறிய பொத்தான் தொகுதி உண்டு. அது இருக்கையின் உருவத்திலேயே இருக்கும். முதுகுப்பகுதியைச் சாய்க்க வேண்டுமா? பொத்தானின் முதுகைச் சாய்த்தால் போதும். தலைச்சாய்வை உயர்த்த அதன் தலையை உயர்த்தினால் போதும். கையேட்டைப் புரட்ட வேண்டியதில்லை, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவும் வேண்டியதில்லை, குழந்தைக்கும் புரியும். பல நிறுவனங்கள் பிறகு அதைப் பின்பற்றின.

அடுத்து 1991இல் டபிள்யூ 140 வந்தது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள். மெதுவாகச் சாத்தினாலே தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கதவுகள். காரோ மிகப் பெரியது. ஜெர்மனியின் சில்ட் தீவுக்குக் கார்களை ஏற்றிச்செல்லும் ரயிலில் இது நுழையவில்லை என்பது அந்நாட்டில் பெரிய கேலிப்பேச்சானது. ஆனால் உள்ளே உட்கார்ந்தவர்கள் கேலி செய்யவில்லை. பொறியாளர்கள் காரைச் செய்து முடித்த பிறகுதான் கணக்காளர் விலையைக் கூட்டிப் பார்த்தார் என்று ரசிகர்கள் இன்றும் அந்தக் காரைப் பற்றி மதிப்போடு சொல்வார்கள்.

அந்த முறை நீடிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஜப்பானிலிருந்து வந்தது. டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் சிறந்த காரைச் செய்ய முடியுமா என்று 1983இல் தம் பொறியாளர்களிடம் கேட்டார். 1989இல் லெக்சஸ் எல்எஸ் 400 விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 35,000 டாலர். எஞ்சின் மூடியின் மேல் ஷாம்பெய்ன் குவளைகளைக் கோபுரமாக அடுக்கி, எஞ்சினை வேகமாக ஓட விட்டும் ஒரு குவளைகூட விழாத அந்த விளம்பரம் பலருக்கு நினைவிருக்கலாம். உள்ளே மரமும் தோலும் பிசிறில்லாமல் பொருந்தியிருந்தன. எஸ் கிளாஸைவிடப் பல ஆயிரம் டாலர் குறைந்த விலையில் இந்த அமைதி கிடைக்கிறது என்றால், ஜெர்மானியக் காருக்கு அந்த விலை எதற்கு என்று அமெரிக்க வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்.

ஆகவே 1990களில் மெர்சிடிஸ் கணக்கைத் திருப்பிப் போட்டது. முதலில் சந்தை தாங்கும் விலையைத் தீர்மானிப்பது, பிறகு அந்த விலைக்குள் காரைச் செய்வது. தவறான முறை அல்ல. பெரும்பாலான பொருள்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. 1998இல் வந்த டபிள்யூ 220 முந்தைய காரைவிடச் சிறியது, எடை குறைந்தது, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் கொண்டது. அழகிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்தி, கையை வைத்துப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிளாஸ்டிக் பாகங்கள் டபிள்யூ 140இன் தரத்தில் இல்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். மின்னணுக் கோளாறுகளும் துருவும் பேச்சாயின. அதே ஆண்டில் நிறுவனம் அமெரிக்காவின் கிரைஸ்லருடன் இணைந்திருந்தது; அந்த இணைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பழிபோடுபவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். டபிள்யூ 220 அதற்கு வெகுகாலம் முன்பே திட்டமிடப்பட்டது என்பதால் அந்தப் பழி அவ்வளவாகப் பொருந்தாது.

இதற்கிடையே போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆவ்டி நிறுவனம் 1985 முதலே ஒரு மோப்பக் குழுவை வைத்திருக்கிறது. காருக்குள் வரும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் மூடி, சிறிது தண்ணீர் சேர்த்து, 80 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். ஜெர்மானியப் பள்ளிகளில் தரும் மதிப்பெண்போல 1 முதல் 6 வரை புள்ளி தருவார்கள். 1 என்றால் மிக நன்று. இப்படிப்பட்ட பிடிவாதத்தால்தான் 1990களில் உட்புறத் தரம் என்றாலே ஆவ்டி என்ற பெயர் வந்தது. 2002இல் வந்த ஏ8 காரில் திரை டேஷ்போர்டுக்குள்ளிருந்து எழுந்து வரும்; வேண்டாதபோது உள்ளே போய்விடும். அதே ஆண்டு ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன் வந்தது. அதில் குளிர்காற்றுத் துளைகளை மரப்பலகைகள் மூடியிருக்கும், தேவைப்பட்டால் மட்டும் திறக்கும். அந்தக் காரின் உட்புறத்தில் குறை காண்பது கடினம். இருந்தும் அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2016இல் தயாரிப்பு நின்றது. மூக்கில் சாதாரண ஃபோக்ஸ்வாகன் சின்னத்தைத் தாங்கிய காருக்கு அவ்வளவு பணம் கொடுக்கப் பலர் தயாராக இல்லை. ரசிகர்கள் கைவிரலால் தீர்ப்பு சொல்வதாகச் சொன்னாலும், கண் முன்னே போய் சின்னத்தைப் பார்த்துவிடுகிறது.

இந்த நிலையில்தான் 2005ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாத இறுதியில் மெர்சிடிஸ், மின்சாரப் பாகங்களையும் பிரேக்கையும் சோதிப்பதற்காக 1.3 மில்லியன் கார்களைத் திரும்ப அழைத்தது. தரத்துக்கு மறுபெயராக இருந்த நிறுவனத்துக்கு அது பெரிய அவமானம். அதே ஆண்டு செப்டம்பரில், ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் புதிய எஸ் கிளாஸ், அதாவது டபிள்யூ 221, வெளிவர இருந்தது. ரசிகர்களின் எதிர்பார்ப்பு வெறும் ஆசையாக இல்லை. இதிலும் தவறினால் இந்த நிறுவனத்தைப் பற்றி இனி என்ன நம்புவது என்ற கேள்வி அதில் இருந்தது.

அவர்கள் கேட்டது என்ன? புதுமை அல்ல. 2001இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த ஐடிரைவ் குமிழைப் பார்த்து, வானொலி நிலையத்தை மாற்றவே பாடம் படிக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டது பழைய கனம். கதவு மூடும்போது கேட்கும் அந்தத் தாழ்ந்த ஒலி, முழங்கை படும் இடத்தில் மென்மை, பொத்தானில் ஓர் உறுதி.

கார் வந்தது. கியர் நெம்புகோல் நடுவிலிருந்து ஸ்டீயரிங் அருகே போயிருந்தது. நடுவில் ஒரு குமிழ். ஆம், பிஎம்டபிள்யூவைக் கேலி செய்த அதே குமிழ். ஆனால் குளிர்சாதனத்துக்கும் வானொலிக்கும் தனிப் பொத்தான்களை விட்டுவைத்தார்கள். குமிழுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைக்கத் தோல் மெத்தை. அதைத் தூக்கினால் அடியில் தொலைபேசி எண்கள். வேகமானி திரையாக மாறியிருந்தது. இரவில் அதே இடத்தில் அகச்சிவப்புக் கதிரால் சாலையைக் காட்டும். இத்தனைக்கும் நடுவே முள் வைத்த ஒரு சாதாரணக் கடிகாரம். பலருக்கு அந்தக் கடிகாரம்தான் பிடித்தது. 2013 வரை உலகெங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டபிள்யூ 221 கார்கள் விற்பனையாயின. கெட்டுப்போன பெயரை மீட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இதோடு கதையை முடித்துக்கொண்டால் அது ஐரோப்பியக் கதை. சிங்கப்பூரில் கார் வாங்குபவருக்கு மீதிக் கதையும் வேண்டும்.

சிங்கப்பூரில் 1990இல் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டுகள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழின் விலை மட்டும் 150,001 வெள்ளியைத் தொட்டது. காரின் விலையும் வரியும் அதற்கு மேல். இவ்வளவு கொடுப்பவர் அந்த 10 ஆண்டுகளையும் அந்த இருக்கையில்தான் கழிக்க வேண்டும். மலேசியாவில் அந்த வரம்பு இல்லை. அதே கார் இரண்டாம் கை, மூன்றாம் கை என்று இருபது ஆண்டும் ஓடும். ஐரோப்பாவில் மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பவரின் அளவுகோல் இங்கு எப்படிப் பொருந்தும்?

ஓர் எடுத்துக்காட்டு. ரசிகர்கள் எல்லாரும் "மெத்தென்ற பிளாஸ்டிக்" கேட்டார்கள் அல்லவா? அந்த மென்மையைத் தர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடியில் நுரை வைத்துத் தடித்த தோல்போன்ற உறையைப் போர்த்துவது. இது செலவு அதிகம். மற்றொன்று, கடினமான பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர்போன்ற மெல்லிய பூச்சைத் தெளிப்பது. கடையில் தொட்டுப் பார்த்தால் இரண்டும் இதமாகவே இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்து பல ஆண்டுகள் தாக்கினால் அதன் பிணைப்புகள் அறுந்துவிடும். பிறகு பொத்தான் விரலில் ஒட்டும், கறுப்பு மையாக வழித்துக்கொண்டு வரும். 1990களின் இறுதியிலும் 2000களிலும் வந்த ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்கு இந்தக் கதி நேர்ந்தது. பல லட்சம் வெள்ளி பெறும் ஃபெராரிக்கும் இதிலிருந்து தப்ப முடியவில்லை. குளிர் நாட்டில் மெதுவாக வரும் இந்த நோய், ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரமும் உள்ள இடத்தில் விரைவாக வரும்.

கூரைத் துணியும் அப்படித்தான். துணிக்குப் பின்னால் மெல்லிய நுரை இருக்கும். வெப்பத்தில் அந்த நுரை பொடியாகிவிட, துணி கழன்று பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் தலையில் தொங்கும். பட்டறைக்காரர் அதை முழுவதும் கழற்றித் துணியை மாற்ற வேண்டும். காரை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது இதனால்தான்.

பழைய கார்கள் எல்லாம் குறையற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. ரசிகர்கள் கொண்டாடும் டபிள்யூ 140இன் மரமும் தோலும் நின்றன. ஆனால் 1990களின் முற்பகுதியில் வந்த பல மெர்சிடிஸ் கார்களில் எஞ்சின் வயர்களின் மேலுறை சூட்டில் நொறுங்கி உதிர்ந்தது. கையில் பட்டது நீடித்தது, கண்ணில் படாதது நீடிக்கவில்லை. பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்துக் காரின் உள்ளத்தை அறிந்துவிட முடியும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு கசப்பான பதில்.

2013இல் வந்த டபிள்யூ 222இன் உட்புறம் பரவலான பாராட்டைப் பெற்றது. 2020இல் டபிள்யூ 223 வந்தது. நடுவில் 12.8 அங்குல ஒலெட் திரை. முந்தைய காரைவிட 27 பொத்தான்கள் குறைவு என்பதை நிறுவனமே பெருமையாகச் சொன்னது. கதவில் இருக்கை உருவத்தில் இருந்த அந்தப் பொத்தான் இன்னும் இருக்கிறது, ஆனால் அசைவதில்லை. தொடுவதை உணரும் ஒரு வடிவம் மட்டும். முதுகைச் சாய்த்தால் சாயும், தலையை உயர்த்தினால் உயரும் என்ற அந்த அருமையான எண்ணத்தில் மிச்சமிருப்பது உருவம்தான். பழைய எஸ் கிளாஸை ஓட்டியவர்களுக்கு இது வெறும் பழமைப் பற்றாகத் தெரியவில்லை. அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியாவிட்டால் கண் அங்கே போகிறது. கண் அங்கே போனால் சாலையில் இல்லை. ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்பு அமைப்பும் இதே கவலையால்தான், 2026 முதல் முழு மதிப்பீடு பெற விரும்பும் கார்களில் திசைவிளக்கு, அபாய விளக்கு, ஹாரன், மழைத்துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் இயக்கும் தனிக் கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும் என்று அறிவித்தது.

பளபளக்கும் கறுப்புப் பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகைப்படத்தில் அழகு. வாங்கிய மறுநாளே விரல் ரேகை, மறுமாதம் துடைத்த கோடுகள். இதை எந்த ரசிகரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே அடுத்த சொகுசு செடானுக்காகக் காத்திருக்கும் நேயர்கள், படங்களைப் பார்த்து வாதிடுவதோடு நின்றுவிடாமல், விற்பனைக் கூடத்துக்குப் போகும்போது சிலவற்றைக் கேட்கலாம். இந்த மென்மை நுரையால் வந்ததா, பூச்சால் வந்ததா? பெரும்பாலும் பதில் வராது. நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள், நுரை உள்வாங்கும், பூச்சுக்கு அடியில் கல்போல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குளிரூட்டியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று நின்ற காரிலேயே சோதித்துப் பாருங்கள். இதே நிறுவனத்தின் 8 ஆண்டு, 9 ஆண்டுக் காரை யாரிடமாவது கேட்டு, அதில் ஒருமுறை ஏறி உட்கார்ந்து, கதவுப் பொத்தான்களையும் கூரையையும் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. விற்பனைக் கூடத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும். அங்கு எல்லாக் காரும் மணக்கும், எல்லாப் பிளாஸ்டிக்கும் இறுகிப் பொருந்தியிருக்கும். சோதனை ஓட்டத்துக்குக் காலை 10 மணிக்கு வரச் சொன்னால், மதியம் 2 மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். கூரையில்லாத இடத்தில், வெயிலில், ஜன்னலை மூடி இரண்டு மணி நேரம் நிறுத்திய காராக அது இருக்கட்டும். கதவைத் திறந்ததும் முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள். பிறகு கையை வைத்துப் பாருங்கள்.